மூச்சு இருக்கும்போதே

கர்ணன் மயங்கி விழுந்தால் அதற்குக் காரணம் திராட்சைக்கு அடிக்கிற மருந்துதான் என்று அந்த வீட்டில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. முடிவு செய்தவன் அவருடைய ஒரே மகன் பாண்டீஸ்வரன். கம்பத்தில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை வைத்திருப்பவன். பி.எஸ்ஸி. படித்தவன். எந்தப் புட்டியில் என்ன விஷம், டேங்குக்கு எத்தனை மூடி என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்லுவான். அப்படிப்பட்டவன் ஒன்று சொன்னால் அதற்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

முதல் தடவை கர்ணன் திராட்சைப் பந்தலுக்கு அடியிலேயே சரிந்தார். அன்றைக்கு உண்மையிலேயே மருந்து அடித்திருந்தார்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொடுத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் படுக்க வைத்ததும் எழுந்துவிட்டார். இரண்டாம் தடவை மோட்டார் ரூம் வாசலில் விழுந்தார். அப்போது அவர் மனைவி கஸ்தூரியம்மாள், "மருந்து அடிச்சு ரொம்ப நாளாச்சேய்யா" என்று இழுத்தாள். "பக்கத்துத் தோட்டத்துல அடிச்சிருப்பாக, காத்துல வந்திருக்கும்" என்று பாண்டீஸ்வரன் ஒரே போடாகப் போட்டான். காற்றின் மேல் பழியைப் போட்டால் காற்று வந்து மறுக்கவா போகிறது? கஸ்தூரியம்மாள் அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் தடவை கடையிலேயே நடந்தது. காலை பஸ்ஸில் கம்பம் வந்த கர்ணன், கடை வாசலில் உர மூட்டையின் மேல் உட்கார்ந்து இலையில் விழுந்திருக்கிற புள்ளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு பாதியில் நின்றது. பாண்டீஸ்வரன் பில் போட்டு முடித்து நிமிர்ந்தபோது அப்பா பக்கவாட்டில் சாய்ந்து கண்ணைச் செருகிக்கொண்டிருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எதிர்ச் சந்தில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேர் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலையில் இருந்தது அனுசுயா என்கிற இளம் டாக்டர். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே பாண்டீஸ்வரன் வைத்தியத்தைச் சொல்லிவிட்டான்.

"மேடம், திராட்சத் தோட்டம். மருந்து ஏறிருச்சு. அட்ரோபின் போடுங்க, சரியாயிரும்."

அனுசுயா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கர்ணனின் கண்ணை விரித்து டார்ச் அடித்தாள். வாயில் நுரை இருக்கிறதா என்று பார்த்தாள், சட்டையை முகர்ந்து பார்த்தாள், நெஞ்சில் கோழை சத்தம் கேட்கிறதா என்று குழாயை வைத்துக் கேட்டாள். நாடியைப் பிடித்த விரலை மட்டும் எடுக்கவில்லை. அட்ரோபினும் போட்டாள், ஆனால் அவன் சொன்னதற்காகப் போடவில்லை. நாடி நிமிஷத்துக்கு முப்பதைத் தொடவில்லை, அதை ஏற்றவும் அதே ஊசிதான் என்பதற்காகப் போட்டாள். திரும்பப் போட்டாள். நாடி அசைந்து கொடுக்கவில்லை.

"இது மருந்து மயக்கம் இல்ல சார்" என்று ஈசிஜி தாளை அவன் முன்னால் நீட்டினாள். "இந்தச் சின்னச் சின்ன மேடு இருக்குல்ல, அது இதயத்தோட மேல் அறை. இந்தப் பெரிய முள் கீழ் அறை. மேடு வந்தா அது பின்னாலயே முள் வரணும். இங்க பாருங்க, அது பாட்டுக்கு அது போகுது, இது பாட்டுக்கு இது போகுது. மேல இருந்து வர்ற கரண்டு கீழ போய்ச் சேரலை. நடுவுல லைன் கட்டாயிருச்சு. கீழ் அறை தானா ஏதோ மெதுவா அடிச்சு உயிரைப் பிடிச்சு வச்சிருக்கு. இதுக்கு முந்தி விழுந்ததும் இதனாலதான் இருக்கும்."

"அடைப்பா மேடம்?"

"ரத்தக்குழாய் அடைப்பு இல்ல. கரண்டு அடைப்பு. பேட்டரி வச்சா எழுந்து நடப்பார். நான் சும்மா சொல்லலை. தேனிக்குக் கொண்டுபோயிட்டா அங்க உள்ளுக்குள்ள வயர் விட்டு இதயத்தை ஓட்டிருவாங்க. அதுவரைக்கும் தாங்குறதுக்கு வெளியில இருந்தே மெஷின் வச்சு ஓட்டுறேன். நானே கூட வர்றேன்."

கட்டிலில் கிடந்தவரின் காதருகே குனிந்து, "ஐயா, பயப்படாதீங்க. சின்ன பேட்டரி ஒண்ணு வைக்கணும். சரியாப் போயிரும்" என்று அவரிடமும் சத்தமாகச் சொன்னாள். கண் செருகிக் கிடந்தவரிடம் எதற்கு இதையெல்லாம் சொல்கிறாள் என்று பாண்டீஸ்வரனுக்குத் தோன்றியது. அப்பாவுக்குக் காது கேட்கிற மாதிரி அவனுக்குத் தெரியவில்லை.

பிறகு அவள் நெஞ்சில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாக உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு வில்லைகளை ஒட்டினாள். மெஷினைத் திருகினாள். கர்ணனின் நெஞ்சும் தோளும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தன. வலிக்கும் என்று ஒரு ஊசி போட்டதில் அவர் இன்னும் ஆழமாக மயங்கிப்போனார். வாய் திறந்திருந்தது. உடம்பு மட்டும் ஒரே சீராகத் துள்ளிக்கொண்டிருந்தது. நாடி பிடிக்கிறது, ஏறுகிறது, அறுபதுக்கு மேல் போய்விட்டது என்று அனுசுயாவுக்கு அதில் நிம்மதி. பாண்டீஸ்வரனோ அதில் வேறொன்றைப் பார்த்தான். அப்பா போய்விட்டார், மெஷின்தான் அவரை ஆட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தான். இந்த ஒரு பார்வைப் பிசகுதான் அன்றைக்கு எல்லாவற்றையும் கெடுத்தது.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் அவன் ஊருக்குப் போன் போட்டான். எடுத்தது பெரியப்பா அழகுமலை. அப்பாவின் அண்ணன். வகையறாவில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர்.

"அப்பாவைத் தேனிக்குக் கொண்டு போறோம் பெரியப்பா."

"எப்படிலே இருக்கான்?"

"ஒண்ணும் சொல்றதுக்கில்ல. மெஷின்லதான் ஓடுது."

"நம்ம முக்கு வழியாத்தான வருவீக? நிறுத்து. நாங்க நிக்கோம்" என்றார் பெரியப்பா.

அவர்களுடைய ஊர் அனுமந்தன்பட்டியை ஒட்டி, மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சிற்றூர். கம்பத்திலிருந்து தேனிக்குப் போகிற எந்த வண்டியும் ஊருக்குப் பாதை பிரிகிற அந்த முக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். தேனி வேறு திசையில் இருந்திருந்தால் கர்ணன் பிழைத்திருப்பார் என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

கர்ணன் வகையறாவுக்கு ஒரு கட்டு உண்டு. எல்லைக்கு வெளியே உயிர் போனால் அந்த உடல் ஊருக்குள் வரக்கூடாது. முக்கில் இருக்கிற எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமே கிடத்தி, அழுகிறவர்கள் அங்கே வந்து அழுது, அங்கிருந்தே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். நடுவீட்டில் விளக்கு கிடையாது, வாசலில் குளிப்பாட்டு கிடையாது. காலராவும் அம்மையும் வாரிக்கொண்டு போன காலத்தில் யாரோ யோசித்துப் போட்ட கட்டாக இருக்கலாம். காலரா போய்விட்டது. கட்டு போகவில்லை. அதனால்தான் அந்த வகையறாவில் ஆஸ்பத்திரி கையை விரித்தால் உடனே வண்டி பிடிப்பார்கள். மூச்சு நிற்பதற்குள் எல்லைக் கல்லைத் தாண்டிவிட வேண்டும்.

கர்ணனின் தம்பி ஈஸ்வரபாண்டிக்கு அது வாய்க்கவில்லை. போன வருஷ ஐப்பசியில் மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. உடலைக் கொண்டுவந்தபோது முக்கில் நின்றவர்கள், "எங்கனய்யா போச்சு?" என்று கேட்டார்கள். வண்டியிலிருந்து முதலில் குதித்த பாண்டீஸ்வரன், "மதுரையிலயே போயிருச்சு" என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். அவ்வளவுதான். சித்தப்பாவை எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிற களத்து மேட்டில் கிடத்தினார்கள். மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கர்ணன் தம்பியின் தலைமாட்டில் சேற்றில் உட்கார்ந்திருந்தார். காரியம் முடிந்து வீடு திரும்பும்போது மகனின் கையைப் பிடித்து, "என்னைய இங்கன போட்டுறாதய்யா. மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டாந்துரு" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சத்தியம்தான் இப்போது ஆம்புலன்ஸுக்குள் பாண்டீஸ்வரனுக்கு நினைவு வந்தது. தேனி போய்ச் சேர வேண்டுமானால் உத்தமபாளையம் தாண்டி, சின்னமனூர் தாண்டி, வீரபாண்டி தாண்டிப் போக வேண்டும். வழியில் எங்கே வேண்டுமானாலும் உயிர் போய்விடலாம். போனால் சேறுதான். சொந்த வீட்டுக்கு வெளியே, நாய் மாதிரி. அவன் அப்பாவைப் பார்த்தான். உடம்பு துள்ளிக்கொண்டே இருந்தது. "மேடம், வழியில ஒண்ணும் ஆகாதுன்னு உங்களால எழுதிக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டான்.

"அப்படி யாராலயும் சொல்ல முடியாது சார். ஆனா போனா பிழைப்பார். அதைச் சொல்ல முடியும்."

அவன் முதல் வாக்கியத்தை மட்டும்தான் கேட்டான்.

முக்கில் ஒரு கூட்டமே நின்றது. பெரியப்பா ரோட்டின் நடுவில் நின்று கையைக் காட்டினார். டிரைவர் ஸ்டீவன் வேறு வழியில்லாமல் நிறுத்தினான். பின்கதவைத் திறந்ததும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கர்ணனின் நெஞ்சு வெட்டி வெட்டித் துள்ளுவதைப் பார்த்ததும் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓலமிட்டார்கள்.

"இதென்னலே கொடுமை? போற உசுரை இப்படிப் போட்டு இழுக்காக?" என்றார் பெரியப்பா.

"இழுக்கலைங்க. இதுதான் அவர் இதயத்தை ஓட்டுது. அவர் சாகலை. சாகப் போறவரும் இல்ல. தயவு செஞ்சு வழியை விடுங்க" என்று அனுசுயா கத்தினாள்.

கஸ்தூரியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டிப் படியைப் பிடித்தாள். அவள் அழவில்லை. "அந்தப் பிள்ள என்னய்யா சொல்லுது? பொழைச்சுருவாருன்னா சொல்லுது?" என்று மகனிடம் கேட்டாள்.

"நீ சும்மா இரும்மா. இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்றான் பாண்டீஸ்வரன்.

அவள் படியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

பெரியப்பாவும் அவனும் இரண்டு வார்த்தைதான் பேசினார்கள். "வாக்கு கொடுத்திருக்கேன் பெரியப்பா" என்றான். "அப்பக் காப்பாத்து" என்றார் அவர். வண்டி தேனிப் பக்கம் போகாமல் எல்லைக் கல்லைத் தாண்டி ஊருக்குள் திரும்பியது. அனுசுயா கெஞ்சினாள், அதட்டினாள், கடைசியில் அழுதே விட்டாள். "சார், இது உங்கப்பாவை நீங்களே கொல்ற மாதிரி" என்று சொன்னாள். அவனுக்குக் கோபம் வந்தது. சாகிறவரை நிம்மதியாகச் சாக விடாத பெண் என்று அவளை நினைத்தான். அவன் கெட்டவன் இல்லை என்பதுதான் இதில் கொடுமை. அப்பாவின் மேல் உயிரையே வைத்திருந்தவன்.

நடுவீட்டில் கட்டில் போட்டுக் கிடத்தினார்கள். அனுசுயா மெஷினை உடனே நிறுத்தவில்லை. நாடியில் விரலை வைத்துக்கொண்டு திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இதயம் தானாக அடிக்கிறதா என்று பார்த்த பிறகே நிறுத்தினாள். துள்ளல் நின்றது. கர்ணன் அமைதியாகக் கிடந்தார். "அப்பாடா" என்று யாரோ சொன்னார்கள். அவள் பாண்டீஸ்வரனைத் தனியே அழைத்து, "நெஞ்சுல ஒட்டினதை எடுக்கலை, அப்படியே இருக்கட்டும். மனசு மாறினா எந்த நிமிஷமும் கூப்பிடுங்க. நான் திரும்ப வர்றேன். ஆனா தாமதிச்சா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரிக்கு இருந்தது அந்த ஒரு வண்டிதான். அது கம்பத்துக்குத் திரும்பிப் போயிற்று.

சொந்தமெல்லாம் வந்து சேர்ந்தது. பந்தல்காரருக்குச் சொல்லிவிட ஆள் போனது. இழுத்துக்கொண்டு கிடக்கிறவருக்கு ஆளுக்கொரு சொட்டுப் பால் ஊற்றுவது வழக்கம். முதலில் பெரியப்பா ஊற்றினார். பிறகு மற்றவர்கள். பாண்டீஸ்வரன் அப்பாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கரண்டியைச் சாய்த்தான். பால் தொண்டையில் இறங்கியது. கர்ணனுக்குப் புரையேறியது.

இருமினார். இன்னும் ஒரு தடவை இருமினார். கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார். ஊசி மயக்கம் தெளிந்துவிட்டது என்பதைத் தவிர அங்கே அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கூடியிருந்தவர்கள் பேய் கண்ட மாதிரி விலகினார்கள்.

"ஏலே பாண்டி, எதுக்குலே எல்லாரும் கூடியிருக்கீக?" குரல் ஈனமாக இருந்தாலும் வார்த்தை தெளிவாக இருந்தது.

அவர் கண்ணால் சுவரைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார், தன் வீடுதான் என்று தெரிந்துகொண்டார்.

"பேட்டரி வச்சாச்சா?"

"அப்பா..."

"அந்த டாக்டர் பிள்ள காதுல வந்து சொல்லுச்சே. சின்ன பேட்டரி வச்சாப் போதும், சரியாப் போயிரும்னு. வைக்காமயா கூட்டியாந்தீக?"

"நீங்கதான்ப்பா சத்தியம் வாங்குனீக. மூச்சு இருக்கும்போதே..." என்று பாண்டீஸ்வரன் ஆரம்பித்தான்.

கர்ணன் அவனை வெகுநேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவர் குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "அது நான் சாகும்போதுடா. இப்ப நான் சாகவா கெடந்தேன்?" என்றார்.

கஸ்தூரியம்மாள்தான் முதலில் அசைந்தாள். பால் கிண்ணத்தைக் காலால் எத்திவிட்டு, "போனைப் போடுறா" என்று கத்தினாள். அந்தக் குரலை அந்த வீடு அதுவரை கேட்டதே இல்லை.

அனுசுயா சொன்னபடி வந்தாள். ஸ்டீவன் வண்டியை வாசலில் ஏற்றாத குறையாகக் கொண்டுவந்து நிறுத்தினான். அதற்குள் கர்ணனுக்கு இரண்டு தடவை கண் செருகி மீண்டிருந்தது. இந்தத் தடவை பெரியப்பா வழியை மறிக்கவில்லை. ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தை அவரே பிடித்தார். கஸ்தூரியம்மாள் யாரையும் கேட்காமல் வண்டியில் ஏறிப் புருஷனின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். "பொழைச்சு வந்து உன்னைய வையணும்டா" என்று கர்ணன் மகனைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அவர் பேசியதில் அதுதான் கடைசி.

மெஷின் முதலில் பிடித்துக்கொண்டது. உத்தமபாளையம் வரை நெஞ்சு துள்ளியது, ஒவ்வொரு துள்ளலுக்கும் நாடி பதில் சொன்னது. அந்தத் துள்ளலைப் பார்த்து இப்போது பாண்டீஸ்வரன் கையெடுத்துக் கும்பிட்டான். காலையில் கொடுமையாகத் தெரிந்தது இப்போது சாமியாகத் தெரிந்தது. சின்னமனூரைத் தாண்டியதும் நெஞ்சு துள்ளுவது துள்ளிக்கொண்டேயிருக்க, கழுத்தில் வைத்திருந்த அனுசுயாவின் விரல்கள் எதையோ தேட ஆரம்பித்தன. கரண்டைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். "காலையில இருந்தே இதயம் பட்டினி கெடந்து களைச்சுப் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திரையில் கோடு தாறுமாறாகக் குலைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவனுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. எல்லாரையும் கையை எடுக்கச் சொன்னாள். மெஷின் கொடுத்த ஷாக்கில் அப்பாவின் உடம்பு ஒரே தூக்காகத் தூக்கி விழுந்தது. ஓடுகிற வண்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சரிந்தவள், அதையும் விட்டுவிட்டு மண்டியிட்டு, இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். அவன் கையில் ஒரு பையைக் கொடுத்து, தான் சொல்லும்போது அமுக்கச் சொன்னாள். அமுக்கினான். அப்பாவின் வாய்க்குள் அவன் கையால் காற்றுப் போயிற்று. அவர் மார்பு ஏறி இறங்கியது. அவன் தந்த அந்த மூச்சைத் தவிர வேறு மூச்சு அவரிடம் இல்லை. வீரபாண்டிப் பாலத்தில் ஏறும்போதே கஸ்தூரியம்மாள் புருஷனின் பாதத்திலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தேனி ஆஸ்பத்திரியில் டாக்டர்களும் விடாமல் பார்த்தார்கள். கடைசியில் பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, "இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். பாண்டீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். அனுசுயா அவனைப் பார்க்காமலே, "வழியில கொஞ்சம் தாமதமாயிருச்சு சார்" என்றாள். அவள் அவனைத் திட்டியிருக்கலாம். அன்றைக்கு அவளுக்கு அந்த உரிமை இருந்தது.

திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பாண்டீஸ்வரனின் மனம் முழுக்க எல்லைக் கல்தான். அப்பாவின் உயிரையும் விட்டாயிற்று, வாக்கையும் விட்டாயிற்று. எதற்காக அவரை வழியில் இறக்கினோமோ அதுவும் இல்லாமல் போயிற்று. அவரும் இனி களத்து மேட்டில்தான் கிடக்க வேண்டும். முக்கில் கூட்டம் நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. களத்தை யாரோ கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வண்டி நின்றது. இறங்கி எப்படிச் சொல்வது என்று அவன் வாயைத் திறப்பதற்குள் அழகுமலைப் பெரியப்பா பின்கதவைத் திறந்தார்.

"எங்கன ஆத்தா போச்சு?" என்று தம்பி மனைவியிடம் கேட்டார்.

கஸ்தூரியம்மாள் அவரை நேராகப் பார்த்தாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"மூச்சு இருக்கு."

ஸ்டீவன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். அனுசுயா தலையைக் குனிந்துகொண்டாள். பாண்டீஸ்வரன் அம்மாவைப் பார்த்தான். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தான். பெரியப்பா போர்வைக்குள் கையை விட்டுத் தம்பியின் பாதத்தைத் தொட்டார். அது எப்படி இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும், தொட்ட எவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடியே நின்றார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"ஆமா, சூடு இருக்கு. வழியை விடுங்கப்பா. சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாரும் ரோட்டின் ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். வண்டி எல்லைக் கல்லைத் தாண்டி ஊருக்குள் போயிற்று.

காலையில் போட்ட கட்டில் நடுவீட்டில் அப்படியே இருந்தது. கிடத்தினார்கள், விளக்கேற்றினார்கள், நல்லபடியாக அழுதார்கள். பாண்டீஸ்வரன் பெரியப்பாவை மாட்டுக் கொட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"பெரியப்பா, உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாமயாடா?"

"அப்பச் சித்தப்பாவுக்கு மட்டும் ஏன்..."

"அன்னைக்கு நீதானலே முந்திக்கிட்டுக் குதிச்சு, மதுரையிலயே போயிருச்சுன்னு ஊருக்கே கேக்கச் சொன்ன. வாய்விட்டுச் சொன்ன பெறகு நாங்க என்ன செய்ய? எத்தனை பேரை இப்படிக் கொண்டாந்திருக்கோம். மூச்சு இருக்குன்னு வீட்டாளு ஒருத்தர் சொன்னாப் போதும். நாங்க என்ன குழாயை வச்சாப் பாக்கப் போறோம்?" பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அவனுக்குத் தெரியாது. புட்டியில் எழுதியிருப்பதை எழுதியபடி படித்தே பழகியவன் அவன். ஊரார் வாயால் சொல்லாமல் வைத்திருக்கிற பாதியை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. காலையில் வண்டி நேராகத் தேனிக்குப் போயிருக்கலாம். பிழைத்தால் அப்பா. பிழைக்காவிட்டால் இதே இரண்டு வார்த்தை. எப்படிப் பார்த்தாலும் அவர் இதே கட்டிலுக்குத்தான் வந்திருப்பார்.

உள்ளே வந்தான். அம்மா ஈரத்துணியால் அப்பாவின் நெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வில்லை ஒட்டியிருந்த இடத்தில் தோல் சிவந்து கன்றியிருந்தது. அவன் அவள் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"காலையிலயே ஏம்மா இதைச் சொல்லல? போய்ட்டு வாங்க, என்ன ஆனாலும் நான் சொல்லிக்கிடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

கஸ்தூரியம்மாள் துணியைப் பிழிந்தாள். அவளுக்கு அவன் மேல் கோபம் இல்லை. அவனுக்கு அதுதான் தாங்கவில்லை.

"பொழைக்க வழியிருக்குன்னு தெரிஞ்சிருந்தா அந்தக் கல்லையே பேத்து எறிஞ்சிருப்பேன்யா. இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு நீ சொன்ன. படிச்ச பிள்ள, டாக்டரோட பேசுன பிள்ள, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன்" என்றாள்.

பாண்டீஸ்வரன் அப்பாவின் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி கதறி அழுதான். அப்பாவைப் பறிகொடுத்த மகன் அழுகிறான் என்றுதான் வெளியே இருந்தவர்கள் நினைத்தார்கள். அம்மா துடைத்துக்கொண்டே இருந்தாள்.